புது புல்லட் 350: திருவொற்றியூர்க்காரன் எழுதும் முழு விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். 2023 செப்டம்பரில் ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட புது புல்லட் 350, இந்தப் பெயரில் இதுவரை வந்த வண்டிகளிலேயே சிறந்த இயந்திரம். சத்தம் குறைந்துவிட்டது, கிக்கர் இல்லை, இதெல்லாம் ஒரு புல்லட்டா என்று எங்கள் தெருப் பெரியவர்கள் கேட்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் பெரியப்பாவின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் கியர் போடப் பழகியதே அதில்தான், அதனால் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எஞ்சினில் இருந்து ஆரம்பிப்போம். 349 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றும் ஆயிலும் சேர்ந்து சூட்டைத் தணிக்கும் அமைப்பு. 6,100 ஆர்பிஎம்மில் 20.2 பிஎச்பி, 4,000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர் டார்க். 20 பிஎச்பியை இன்றைக்கு 200 சிசி வண்டிகளே தாண்டிவிட்டன, அந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் யாரும் இதை வாங்க மாட்டார்கள். பார்க்க வேண்டியது வேறு எண்கள். சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 85.8 மி.மீ. பழைய புல்லட்டில் இது 70-க்கு 90. ஒல்லியான, உயரமான சிலிண்டர். இப்படிப்பட்ட எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன் நிறைய தூரம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் அதை வேகமாகச் சுற்ற விட முடியாது, அதற்குப் பதிலாக வால்வு திறக்கும் நேரத்தையெல்லாம் குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைக்கும்படி வைத்து, கூடவே கனமான ஃப்ளைவீலையும் போட்டுவிடுவார்கள். டோல்கேட்டில் இருந்து தேரடி வரை மெட்ரோ தூண்களுக்கு இரண்டு பக்கமும் பஸ், ஷேர் ஆட்டோ, மீன் கூடை கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் என்று எல்லாம் சேர்ந்து நகரும் சாயங்கால நேரத்தில் இதன் அருமை தெரியும். மூன்றாவது கியரில் போட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் விட்டால், உதறாமல் திணறாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். கிளட்ச் பிடிக்கிற விரல்களுக்கு அது பெரிய நிம்மதி.

அடுத்தது அதிர்வு. ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் மேலே போய்க் கீழே வருவதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு உதறல் எழும். கிராங்கில் எதிர்எடை வைத்தால் அதில் ஒரு பங்குதான் அடங்கும், மீதி முன்னும் பின்னுமாகத் திரும்பிக்கொள்ளும். பழைய புல்லட்டில் அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை, எண்பதைத் தொட்டால் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாது. புது எஞ்சினில் கிராங்குக்கு எதிர்த் திசையில், அதே வேகத்தில் சுற்றும் பாலன்சர் ஷாஃப்ட் ஒன்று இருக்கிறது. கிராங்கின் எதிர்எடை ஒரு பக்கம் இழுக்கும்போது இது மறுபக்கம் இழுத்துச் சரிக்கட்டிவிடும். பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகிற சாலையில் 80-இல் போகும்போது கால் வைக்கும் இடத்தில் மட்டும் லேசாக ஒரு துடிப்பு தெரிகிறது, கைப்பிடி அமைதியாக இருக்கிறது, கண்ணாடியில் லாரியின் நம்பர் பிளேட்டையே படிக்க முடிகிறது.

சரி, சத்தத்துக்கு வருவோம், எல்லோரும் கேட்பது அதைத்தானே. பழைய புல்லட்டின் "டப் டப்" எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எஞ்சின் குறைந்த வேகத்தில் சுற்றும், அதனால் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே காதால் எண்ணிவிடக்கூடிய இடைவெளி இருக்கும். கம்ப்ரஷன், அதாவது பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குள் நசுக்கப்படுகிற அளவு, 6.5-க்கு 1தான். சைலன்சரில் அன்றைக்கு இருந்த தடுப்பும் கொஞ்சம்தான். இன்றைய எஞ்சினில் கம்ப்ரஷன் 9.5-க்கு 1, பெட்ரோல் ஊசிமுனையில் அளந்து தெளிக்கப்படுகிறது, புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது, ஒலி அளவுக்கும் சட்டம் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அந்தத் தாளத்தை ஓரளவு வைத்திருக்கிறார்கள். கனம் குறைந்திருக்கிறது, இடைவெளி இருக்கிறது. சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புகிற வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை ராத்திரி பகலாக கன்டெய்னர் லாரிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்கள் தலையில் இதையும் ஏற்ற வேண்டாம்.

இந்த வண்டியின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பிறந்த வருடம் உண்டு. அது தெரிந்தால்தான் எது உண்மையிலேயே புதியது, எது நூறு வருடமாக வருவது என்று பிரித்துப் பார்க்க முடியும், அதனால் வரலாற்றைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ரெடிச் என்று ஒரு ஊர், ஊசி செய்வதற்குப் பெயர் போனது. அங்கே தள்ளாடிக்கொண்டிருந்த ஜார்ஜ் டவுன்சென்ட் என்ற ஊசி, சைக்கிள் கம்பெனியை 1891-இல் ஆல்பர்ட் ஈடி, பாப் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் கையில் எடுத்தார்கள். என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான், "துப்பாக்கி போலச் செய்யப்பட்டது" என்ற வாசகமும் அதையொட்டி வந்தது. முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல்.

அந்தக் கம்பெனி சும்மா வண்டி பூட்டி விற்ற கம்பெனி கிடையாது, மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு புதிது புதிதாகச் செய்த கம்பெனி. ஒரு உதாரணம் சொல்கிறேன். உங்கள் மோட்டார் சைக்கிள் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், அநேகமாகப் பின்சக்கரத்தைக் கழற்றினால் ஹப்புக்குள் கறுப்பு ரப்பர் துண்டுகள் வரிசையாக இருக்கும். கடைகளில் டிரம் ரப்பர் என்பார்கள். எஞ்சினின் ஒவ்வொரு இழுப்பும் செயின் வழியாகச் சக்கரத்தில் நேரே போய் அறையாமல், நடுவில் இந்த ரப்பர் நசுங்கி அதை வாங்கிக்கொள்ளும். அது இல்லை என்றால் செயினும் கியர்பாக்ஸும் சீக்கிரம் தேய்ந்துபோகும். இந்த ஏற்பாட்டை முதல் உலகப் போருக்கு முன்பே தன் வண்டிகளில் கொண்டுவந்தது ராயல் என்ஃபீல்டுதான். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் அநேகமாக எல்லாக் கம்பெனி மோட்டார் சைக்கிளிலும் அது இருக்கிறது, நான் வாங்கிய புல்லட்டிலும் இருக்கிறது. இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எல்லோரும் சத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆயில் விஷயமும் அப்படித்தான். அந்தக் காலத்து வண்டிகளில் ஓட்டுபவர் அவ்வப்போது கையால் பம்ப் அடித்து எஞ்சினுக்கு ஆயில் விட வேண்டும், விட்ட ஆயில் எரிந்தோ சிந்தியோ போய்விடும். ஆயிலை பம்ப் தானாகவே எடுத்துச் செலுத்தி, கீழே வடிந்ததைத் திரும்ப உறிஞ்சித் தொட்டிக்கே அனுப்பும் டிரை சம்ப் முறையை ராயல் என்ஃபீல்டு 1910-களிலேயே செய்துவிட்டது. மற்ற கம்பெனிகள் இந்த முறைக்கு வந்தபோது ஆயில் டேங்கைத் தனியாக சீட்டுக்கு அடியில் தொங்கவிட்டு ரப்பர் குழாய் இழுத்தார்கள், புல்லட்டில் கிராங்க் கேஸின் பின்பக்கத்திலேயே ஓர் அறை செய்து ஆயிலை அதில் வைத்தார்கள். குழாய் இல்லை, குழாய் விட்டுப்போகிற பேச்சும் இல்லை. பெரியப்பா வண்டியில் மூடியைத் திறந்து குச்சியை எடுத்துப் பார்ப்பது அந்த அறையைத்தான்.

புல்லட் என்ற பெயர் 1932-இல் வந்தது, 250, 350, 500 என மூன்று அளவுகளில், சாய்த்து வைத்த எஞ்சினோடு. ஆனால் நாம் புல்லட் என்று நினைக்கிற உருவம் போருக்குப் பிறகு வந்த 350-உடையது. அதில் பெரிய சங்கதி பின்பக்க ஸ்விங் ஆர்ம். அதுவரைக்கும் பெரும்பாலான பிரிட்டிஷ் வண்டிகளில் பின்சக்கரம் ஃபிரேமோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும், ரோட்டின் ஒவ்வொரு குழியும் முதுகெலும்புக்கு வரும். புல்லட்டில் பின்சக்கரத்தைத் தாங்கும் கை தனியாக மேலும் கீழும் ஆட, அதற்கு ஆயில் நிரப்பிய ஷாக் அப்சார்பர் இரண்டு. கரடுமுரடான பாதைப் போட்டிகளில் பின்பக்கம் ஸ்பிரிங் வைத்தால் பிடி போய்விடும் என்பதுதான் அன்றைய நிபுணர்களின் நம்பிக்கை. 1948-இல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் இந்த புல்லட்டுகளை ஓட்டிய வீரர்கள் இருவர் தங்கப் பதக்கம் வாங்கினார்கள், 1952-இல் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியையே ஜானி பிரிட்டன் 350 புல்லட்டில் ஜெயித்தார். அதோடு அந்த வாதம் முடிந்தது. இன்று ஸ்விங் ஆர்ம் இல்லாத மோட்டார் சைக்கிளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நியூட்ரல் ஃபைண்டரை மறக்க முடியுமா. பழைய வண்டியில் கியர் லிவருக்கு மேலே சின்னதாக இன்னொரு லிவர். இரண்டு, மூன்று, நான்கு, எந்த கியரில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்து அதைக் குதிகாலால் ஒரு அழுத்து அழுத்தினால் நேராக நியூட்ரல். லெவல் கிராசிங்கில் கேட் போடும்போது வேகமாகப் போய் நிற்கிறவனுக்கு அது வரப்பிரசாதம். புது வண்டியில் இது இல்லை, அவசியமும் இல்லை, ஆனாலும் கால் தேடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் இவர்கள் செய்த ஃப்ளையிங் ஃப்ளீ கதை தனி. யூதர்கள் நடத்திய ஒரு டச்சு நிறுவனத்திடம் இருந்து டிகேடபிள்யூ என்ற ஜெர்மன் மோட்டார் சைக்கிளின் விற்பனை உரிமையை நாஜி ஜெர்மனி 1938-இல் பறித்தது. அந்த நிறுவனத்தார் ராயல் என்ஃபீல்டிடம் வந்து, அதே மாதிரி ஒரு சின்ன வண்டியை நீங்கள் செய்து கொடுங்கள் என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்த 125 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிதான் பிறகு இரும்புக் கூண்டில் வைத்து விமானத்தில் இருந்து பாராசூட்டில் இறக்கப்பட்டு, பிரிட்டிஷ் படையின் கையில் அதே ஜெர்மனிக்கு எதிராக ஓடியது. 2024-இல் ராயல் என்ஃபீல்டு தன் எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு இந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது.

இனி நம்ம ஊர்.

1950-களின் தொடக்கத்தில் எல்லை ரோந்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேடிய இந்திய அரசு 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்து நூற்றுக்கணக்கில் வண்டிகள் கேட்டது. அன்றைக்கு அது பெரிய ஆர்டர். 1955-இல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின, ஆலை திருவொற்றியூரில். பக்கத்தில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் அதே 1955-இல்தான் அசோக் லேலண்ட் ஆனது. எம்ஆர்எஃப் பலூன் செய்யத் தொடங்கியதும் இதே திருவொற்றியூரில்தான். வடசென்னை என்றால் என்னென்னவோ எழுதுகிறார்கள், நாட்டுக்கு லாரியும் டயரும் புல்லட்டும் செய்து கொடுத்த ஊர் என்று எழுதுகிறவர்கள் குறைவு.

முதலில் இங்கிலாந்தில் இருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வரும், இங்கே பூட்டுவார்கள். 1962-க்குள் எல்லாப் பாகத்தையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். ரெடிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது, மிச்சம் மீதி இருந்த உற்பத்தியும் 1970-இல் நின்றது. 1977-இல் திருவொற்றியூரில் இருந்து புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெடிச்சில் 1901-இல் இருந்து 1967 வரை அறுபத்தாறு வருடம். சென்னையில் 1955-இல் தொடங்கி எழுபது வருடம் ஆகிவிட்டது, நிற்கவும் இல்லை. இதற்குப் பிறகும் பளபளப்பான விமர்சனங்களில் "பிரிட்டிஷ் வண்டி" என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. கண்டுபிடிப்பு அவர்களுடையது, அதை நான் மேலே மனசாரப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வண்டியைச் சாகாமல் காப்பாற்றியது இந்த ஊர் ஆட்கள்.

அதே நேரம் உண்மையையும் சொல்ல வேண்டும். காப்பாற்றினார்கள், வளர்க்கவில்லை. 1955-இல் வந்த வரைபடத்தையே வைத்துக்கொண்டு நாற்பது வருடத்துக்கு மேல் கிட்டத்தட்ட அதே எஞ்சினைச் செய்துகொண்டிருந்தார்கள். நடுநடுவே வேறு முயற்சிகள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் வில்லியர்ஸ் எஞ்சின் போட்ட ஷெர்பா, க்ரூசேடர், ஃபேன்டாபுலஸ் என்று ஒரு ஸ்கூட்டர், 80-களில் ஜெர்மனியின் ஜுண்டாப் தொழில்நுட்பத்தில் எக்ஸ்ப்ளோரர், சில்வர் ப்ளஸ், ஃப்யூரி. எதுவும் நிலைக்கவில்லை. டீசல் புல்லட்டை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது நிஜமாகவே துணிச்சலான வண்டி. 325 சிசி, 6.5 பிஎச்பி, வேகம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, ஆனால் ஒரு லிட்டர் டீசலில் அது போகிற தூரத்தை எந்த பெட்ரோல் புல்லட்டும் கனவிலும் போக முடியாது. பால் கேன் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு அது போதும்.

அந்த வார்ப்பிரும்பு எஞ்சினோடு வாழ்வது எப்படி என்று இளையவர்களுக்காக எழுதிவைக்கிறேன். காலையில் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அமுக்க வேண்டும், முள் நடுவுக்கு வந்தால் பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து ஒரு துளி தள்ளி, லிவரை விட்டுவிட்டு, கிக்கர் மேலே வந்த பிறகு முழு எடையோடு ஒரே மிதி. வரிசை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். ஆயில் ஒழுகுவதற்கும் காரணம் உண்டு. கிளட்சும் பிரைமரி செயினும் இருக்கிற அந்தப் பெரிய அலுமினிய மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டு மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும், சுற்றி ஒரு ரப்பர் பட்டை. நட்டைக் கொஞ்சம் தளர விட்டால் ஒழுகும், கூட முறுக்கினால் மூடி வளையும், வளைந்தாலும் ஒழுகும். தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் கையாலேயே அளவு தெரிந்து முறுக்குவார், அவர் முறுக்கினால் ஒரு சொட்டு வராது.

அதே அண்ணனிடம் புது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, கிக்கர எங்கப்பா மறச்சு வெச்சிருக்க?" என்றார். ஒரு ரவுண்டு ஓட்டி வந்து இறங்கியதும், "கியர் வெண்ண மாதிரி வுழுது. நம்ம வண்டில இத எதிர்பாக்கவே இல்ல நானு" என்றார். அவர் "நம்ம வண்டி" என்று சொன்னதே எனக்குப் போதும்.

அந்த கியர் எப்படி வெண்ணெய் மாதிரி ஆனது என்பதற்கும் ஒரு பாதை இருக்கிறது. 1994-இல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 2000-இல் ஐஷர் குடும்பத்தைச் சேர்ந்த சித்தார்த்த லால் பொறுப்புக்கு வந்தபோது கம்பெனி மூடுவதா விற்பதா என்ற நிலையில் இருந்தது. ஐஷர் வந்த பிறகுதான் எஞ்சினில் கை வைத்தார்கள். முதலில் ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து அலுமினிய சிலிண்டர் போட்ட, குறைந்த பெட்ரோலில் எரியும் எஞ்சின். அப்புறம் ஐந்து கியர், இடது காலுக்கு வந்த கியர் லிவர். 2008, 2009-இல் வந்த யூசிஇ எஞ்சின்தான் பெரிய திருப்பம். அதுவரை எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி, இரண்டையும் போல்ட் போட்டு ஒட்டவைத்திருந்தார்கள். யூசிஇயில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் வந்தன, மூடிகளின் எண்ணிக்கை குறைந்தது, ஆயில் ஒழுகுவதும் பழங்கதை ஆனது. டாப்பெட்டுக்கு, அதாவது வால்வைத் தள்ளுகிற பாகத்துக்கு, இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் வந்ததால் அதை அட்ஜஸ்ட் செய்கிற வேலையும் போனது. உற்பத்தியின் பெரும்பகுதி 2013-இல் ஒரகடத்துக்கும் பிறகு வல்லம் வடகாலுக்கும் போனது. எங்களுக்கு அதில் ஒரு மனக்குறை இருந்தாலும், லட்சக்கணக்கில் வண்டி செய்ய இந்த நெரிசலில் இடம் ஏது.

புது புல்லட்டில் இருக்கிற ஜே எஞ்சின் 2020 நவம்பரில் மீட்டியோர் என்ற மாடலோடு வந்தது, அதே எஞ்சின் 2021-இல் கிளாசிக், 2022-இல் ஹன்டர், 2023-இல் புல்லட் என்று மற்ற மாடல்களுக்கும் போனது. யூசிஇயில் கேம் கீழே இருந்து நீளமான புஷ் ராடுகள் வழியாக வால்வைத் தள்ளியது. ஜே எஞ்சினில் கேம் மேலேயே சிலிண்டர் தலையில் உட்கார்ந்து செயினால் சுற்றுகிறது. நடுவில் இருந்த எடையுள்ள கம்பிகள் போனதால் வால்வு துல்லியமாகத் திறந்து மூடுகிறது. ஃபிரேமும் மாறியது, முன்பு எஞ்சினுக்கு முன்னால் ஒற்றைக் குழாய் இறங்கியது, இப்போது இரண்டு குழாய்கள் இறங்கித் தாங்கும் புது ஃபிரேம். 2015-இல் ராயல் என்ஃபீல்டு வாங்கிய ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஃபிரேம் நிறுவனத்தின் கை இதில் இருக்கிறது. வளைவில் சாய்க்கும்போது பழைய வண்டியில் பின்பக்கம் தனியாக யோசிக்கிற மாதிரி இருக்கும், இதில் முன்னும் பின்னும் ஒன்றாகவே திரும்புகின்றன. என்னைக் கேட்டால் எஞ்சினைவிட ஃபிரேம்தான் இந்த வண்டியின் பெரிய முன்னேற்றம்.

ஓட்டிப் பார்த்த மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீட் ஒரே துண்டு, அகலம், பின்னால் உட்காருகிறவர்களுக்கு கிளாசிக்கைவிட இதில் நிச்சயம் வசதி, எங்கள் அம்மாவே சொன்னார். சீட் உயரம் 805 மி.மீ., ஐந்தரை அடி உள்ளவர்களுக்குக் கால் ஊன்றச் சிரமம் இருக்காது. எடை 195 கிலோ, ஓடும்போது தெரியாது, வீட்டு வாசலில் திருப்பி நிறுத்தும்போது தெரியும். காலடிப்பேட்டைப் பக்கத்துச் சந்துகளில் வீடு இருப்பவர்கள் வாங்கும் முன் ஒரு தடவை ஷோரூமில் தள்ளிப் பாருங்கள். டேங்க் 13 லிட்டர், எனக்கு லிட்டருக்கு 35 கி.மீ.யை ஒட்டிக் கிடைக்கிறது.

சக்கரம் முன்னால் 19 அங்குலம், பின்னால் 18. எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நசுக்கிப் போட்ட பள்ளங்களில் இந்தப் பெரிய சக்கரங்கள் நன்றாகவே ஏறி இறங்குகின்றன. ஆனால் கம்பி போட்ட சக்கரம், அதனால் டியூப் டயர்தான். கன்டெய்னர் யார்டுகள் பக்கம் ரோட்டில் ஆணிக்கும் இரும்புத் துண்டுக்கும் குறைவில்லை. டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் ஆனாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், டியூப் என்றால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான், அப்புறம் 195 கிலோவைத் தள்ள வேண்டும். இந்த விலை வண்டிக்கு டியூப்லெஸ் கொடுத்திருக்கலாம் என்பது என் திடமான கருத்து. ஹெட்லைட் ஹாலஜன், மஞ்சள் வெளிச்சம், பார்க்க அழகு. மின்விளக்கு இல்லாத சாலையில் வேகம் குறைத்து ஓட்டுங்கள். ஹெட்லைட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற குட்டி விளக்குகள், 1954-இல் புல்லட்டுக்கு வந்த அதே புலிக்கண் விளக்குகள்தான், அவற்றை எடுக்காமல் விட்டதற்கு நன்றி. மீட்டரில் முள், கீழே சின்ன டிஜிட்டல் பெட்டியில் பெட்ரோல் அளவு, அவ்வளவுதான், எனக்கு அது போதும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று எந்தக் கம்பெனி குரோமையும் விட்டுவைக்காது, புல்லட்டில் குரோம் நிறைய. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்ததும் சக்கரக் கம்பிகளின் முனையிலும் சைலன்சர் அடியிலும் துணியால் லேசாக ஆயில் தடவிவிடுங்கள், பிரேக் டிஸ்க்கில் மட்டும் ஆயில் படக் கூடாது. போர்வெல் தண்ணீரில் கழுவினால் கழுவாமல் இருப்பதே மேல், எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு அப்படி.

விலை. வெளிவந்தபோது ஷோரூம் விலை சுமார் 1.74 லட்சத்தில் ஆரம்பித்தது. 2025 செப்டம்பரில் 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனது, 349 சிசி அந்தக் கோட்டுக்குள் வருகிறது, அதற்கு மேல் உள்ள வண்டிகளுக்கு 40. எனவே பழைய விமர்சனங்களில் போட்டிருக்கிற விலையை நம்பாமல் இன்றைய விலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

யார் வாங்கலாம்? தினமும் பாரிமுனைக்கோ அண்ணா சாலைக்கோ நெரிசலில் போய் வருகிற, ஒல்லியான உடம்புக்காரர் என்றால் அதே எஞ்சின் உள்ள ஹன்டரைப் பாருங்கள், 181 கிலோ, 17 அங்குலச் சக்கரம், சந்து பொந்தில் சுலபமாக வளையும். பின்னால் ஆள் ஏற்றி, வாரக்கடைசியில் பழவேற்காடோ திருப்பதியோ போகிறவர்களுக்கு புல்லட்தான். கிளாசிக்குக்கும் இதற்கும் எஞ்சின், ஃபிரேம் எல்லாம் ஒன்று, வித்தியாசம் சீட்டிலும் உருவத்திலும், அதனால் அந்தக் குழப்பத்துக்கு ரொம்ப நேரம் செலவிட வேண்டாம். நூறுக்கு மேல் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், இந்த எஞ்சின் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

விலை குறைந்த மாடலில் பின்னால் டிரம் பிரேக்கும் முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ்ஸும், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடும், வரும். கூடப் பணம் போனாலும் பரவாயில்லை, பின்னாலும் டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள மாடலையே எடுங்கள். மழை பெய்து, லாரியில் இருந்து சிந்திய டீசலும் தண்ணீரும் கலந்து கிடக்கிற நம் ரோட்டில் அந்தப் பணம் முதல் வாரத்திலேயே திரும்பி வந்துவிடும். நிறத்தில், டேங்கில் தங்கக் கோடு போட்ட கறுப்பு அல்லது மெரூன். அந்தக் கோட்டை இன்னும் கையால்தான் இழுக்கிறார்கள், திருவொற்றியூர் ஆலையில் வளர்ந்த கைவேலை அது. டெலிவரி எடுக்கும்போது டேங்கின் இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் வைத்து அதை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.